விழுந்த ட்ரோனைப் பழுது பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் கட்டிய ஐந்து அங்குல எஃப்.பி.வி. குவாடை, அதாவது கேமரா படத்தைக் கண்ணில் மாட்டும் காகிள்ஸில் பார்த்தபடி ஓட்டும், ஐந்து அங்குல ப்ராப் (சுழலும் இறக்கை) கொண்ட நான்கு மோட்டார் ட்ரோனை, மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. கார்பன் ஃப்ரேம், ஆறு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, நான்கு மோட்டாரையும் ஓட்டும் ஒரே ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு) போர்டு, அதன் மேல் பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருள் ஓடும் எஃப்.சி. (பறத்தலைக் கட்டுப்படுத்தும்) போர்டு. இதுதான் வழக்கமான அமைப்பு. உங்களுடையது வீட்டுக்குள் பறக்கும் சின்ன வூப்பாகவோ ஏழு அங்குலமாகவோ இருந்தாலும் பார்க்கும் முறை மாறாது. கடையில் வாங்கிய கேமரா ட்ரோன் பற்றிக் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது.

ட்ரோன் இப்போதுதான் விழுந்தது. முதல் வேலை என்ன?

டிஸ்ஆர்ம், அதாவது மோட்டார்கள் சுற்ற முடியாதபடி பூட்டுவது (பூட்டைத் திறப்பது ஆர்ம்). த்ராட்டிலைக் கீழே இழுத்தால் போதாது, சுவிட்சைப் போட்டு டிஸ்ஆர்ம் செய்ய வேண்டும். ஆர்ம் ஆன நிலையில் புல்லுக்குள் சிக்கிக் கிடக்கும் குவாட், நேராக நிமிரப் பார்த்து மோட்டாருக்கு மேலும் மேலும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ப்ராப் சுற்ற முடியாமல் மாட்டியிருந்தால் அந்தக் கரண்ட் முழுக்கச் சூடாகி, சில விநாடியில் மோட்டார் காயிலோ ஈ.எஸ்.சி.யின் மாஸ்ஃபெட்டோ (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சில்லு) போய்விடும்.

டர்ட்டில் மோடுக்கும் இதே எச்சரிக்கைதான். தலைகீழாகக் கிடப்பதைப் புரட்டிப் போடும் வசதி அது. சிமென்ட் தரையிலும் கட்டாந்தரையிலும் அருமையாக வேலை செய்யும். முழங்கால் உயரப் புல்லிலும் சீமைக் கருவேலப் புதரிலும் அதை முயலாதீர்கள். ஒரு தடவை தட்டிப் புரளவில்லை என்றால் நடந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மற்ற ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். கழற்றியதை மறுபடி சொருகத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். நான் பார்த்தவரை, விழுந்த அடியில் செத்த போர்டுகளைவிட, "இன்னும் ஓடுகிறதா பார்ப்போம்" என்று அங்கேயே பேட்டரியைச் சொருகியதால் செத்த போர்டுகள்தான் அதிகம். அடியில் ஒரு வயர் நசுங்கி கார்பன் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது பத்து ரூபாய் வேலை. அந்த நிலையில் ஆறு செல் பேட்டரியைக் கொடுத்தால் ஈ.எஸ்.சி., எஃப்.சி., வீடியோ டிரான்ஸ்மிட்டர் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டி வரும். கீழே வரும் பதில்களில் பாதி, அந்த இரண்டாவது சொருகலைத் தள்ளிப்போடச் சொல்வதுதான்.

விழுந்த இடமே தெரியவில்லையே?

பஸ்ஸர் இருந்தால் அடியுங்கள். தனி பஸ்ஸர் வைக்காதவர்கள் டிஷாட் பீக்கனை முன்பே ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். மோட்டார்களே கூவும். ஆனால் காற்றடிக்கும் மதியத்தில் அந்தக் கூவல் அதிக தூரம் கேட்காது.

காகிள்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓடாதீர்கள். பேட்டரி கழன்றுபோகாமல் இருந்தால் படம் இன்னும் வந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினால், எந்தத் திசையில் நடந்தால் படம் தெளிகிறது என்று பார்த்தே நெருங்கிவிடலாம். படமும் போய்விட்டால் பதிவான வீடியோவைப் பின்னோக்கி ஓட்டி, கடைசியாகத் தெரிந்த வரப்பையோ மரத்தையோ பிடியுங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் கடைசி அட்சரேகை, தீர்க்கரேகை திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை மேப்பில் அடித்தால் முடிந்தது.

தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. மின்கம்பியில் என்றால்?

மரம் என்றால் ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் ஏறுவதற்கு முன்னால் ரிமோட்டை அணைத்து, ஆன்டெனா பக்கம் பிடித்து பேட்டரி வயரை எப்படிக் கழற்றுவது என்று சொல்லி அனுப்புங்கள். ப்ராப் பக்கம் கை போகக் கூடாது. கல் விட்டெறிவதும் நீளக் கழியால் குத்துவதும் வேண்டாம். நாற்பது அடியிலிருந்து இரண்டாம் முறை விழுவது, முதலில் விழுந்ததைவிட மோசமாக இருக்கும்.

மின்கம்பி என்றால் அதை மறந்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த மூங்கில் கழி என்றாலும் வேண்டாம்.

பேட்டரிக்கு அடி பட்டிருக்கிறது. மறுபடி பயன்படுத்தலாமா?

மூன்று விஷயம் பாருங்கள். ஓரத்தில் நசுங்கல் அல்லது துளை, உப்பல், வாசனை. நெயில் பாலிஷ் போல இனிப்பாக ஒரு நெடி வந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கசிகிறது என்று அர்த்தம். அந்த பேட்டரியின் கதை அத்தோடு முடிந்தது.

வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் பையில் போட்டுக் காருக்குள் வைக்காதீர்கள். உள்ளே தகடுகள் நசுங்கி ஷார்ட் ஆனால் தீ உடனே பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சில மணி நேரம் கழித்தும் பிடிக்கும். எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில் வைத்துக் கவனியுங்கள். அப்புறம் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லின் வயரும் வரும் சின்ன பிளக்) ஒவ்வொரு செல்லாக வோல்ட் பாருங்கள். ஐந்து செல் 3.8-ல் நிற்க, ஒன்று மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அந்த செல்லுக்குள் கசிவு இருக்கிறது. சார்ஜரில் மாட்டாதீர்கள்.

தூக்கி எறிவதற்கு முன் முழுக்கக் காலி செய்ய வேண்டும். அதற்கு 24 வோல்ட் லாரி பல்பு ஒன்று போதும். திறந்த வெளியில் பேட்டரியோடு இணைத்து, பல்பு முற்றிலும் அணைந்து வோல்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை விடுங்கள். பிறகு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். துளை விழுந்த பேட்டரியை மட்டும் இப்படிக் காலி செய்ய முயலாமல், வெளியே மணல் நிரப்பிய வாளியில் தனியாக விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப் போடு என்று நிறைய பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியே இருக்கும் முனைகள் முதலில் அரித்துப் போய், உள்ளே சார்ஜ் அப்படியே நின்றுவிடலாம்.

கண்ணால் பார்த்தே எவ்வளவு கண்டுபிடிக்கலாம்?

நிறையவே. ப்ராப்பை நான்குமே கழற்றி எறியுங்கள். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் நடுக்கட்டை அருகே மயிரிழை விரிசல் இருக்கும், அடுத்த பறத்தலில் அந்த இடத்தில்தான் ஒடியும். ட்ரோனில் மிக மலிவான பாகத்துக்குப் போய்க் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

ஃப்ரேமின் கைகளை (மோட்டார்களைத் தாங்கும் கார்பன் தகடுகள்) ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். நொறுக் நொறுக் என்று சத்தம் வந்தால் கார்பன் அடுக்குகள் பிரிந்துவிட்டன. மோட்டாருக்கு அடியில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கிறதா, மோட்டார் வயர்கள் கார்பன் விளிம்பில் அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வயரோடு சாலிடர் செய்த பெரிய கெபாசிட்டரின் கால் ஒடிந்திருப்பது அடிக்கடி நடக்கும், பலர் கவனிப்பதில்லை. ஆறு செல்லுக்கு வழக்கமாக 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் போடுவார்கள். அது இல்லாமல் பறந்தால் படத்தில் கோடு கோடாக வருவதோடு, மோட்டார் திடீரென வேகம் மாறும்போது எழும் வோல்ட் ஏற்றம் நேராக ஈ.எஸ்.சி. மேல் விழும்.

இரண்டு போர்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையங்கள் கிழிந்து, எஃப்.சி. சாய்ந்து ஃப்ரேமைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? இதையும் பாருங்கள். பின்னால் வரும் அதிர்வுப் புகார்களில் இதுவும் ஒரு காரணம்.

மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று கையாலேயே தெரிந்துகொள்வது எப்படி?

ப்ராப் இல்லாமல், பேட்டரி இல்லாமல் நான்கையும் விரலால் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சோதிப்பதில் பயனில்லை, மற்ற மூன்றோடு ஒப்பிட வேண்டும். காந்தத்தின் கட்டு கட்டான இழுப்பு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கரகரவென்று மணல் அரைபடுவது போல இருந்தால் பேரிங் அல்லது உள்ளே நுழைந்த தூசி. ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் உரசினால் பெல் (மோட்டாரின் சுற்றும் வெளி உறை) நசுங்கியிருக்கிறது, இல்லையேல் காந்தம் ஒன்று பசை விட்டு நகர்ந்திருக்கிறது. பெல்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அடியில் அச்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவோ கிளிப்போ தளர்ந்திருக்கும். அச்சு வளைந்ததைக் காண, பழைய ப்ராப் ஒன்றை மாட்டி மெல்லச் சுற்றி, பக்கத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து இறக்கைகளின் நுனி ஒரே உயரத்தில் கடக்கிறதா என்று பாருங்கள். பெல்லுக்கும் உள்ளே இருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி சுற்றும்போது கூடிக் குறையாமல் இருக்க வேண்டும்.

ஒரு மோட்டார் மட்டும் வழக்கத்தைவிடக் கனமாக, பிரேக் பிடித்தது போலச் சுற்றினால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் ஈ.எஸ்.சி.யைச் சந்தேகியுங்கள். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் மோட்டாரின் வயர்கள் உள்ளுக்குள் இணைந்துவிடும், அதனால்தான் இந்த இறுக்கம். மூன்று வயரையும் சாலிடர் விட்டுக் கழற்றியதும் மோட்டார் லேசாகச் சுற்றினால் சந்தேகம் உறுதி.

ஃப்ரேமின் கையை மாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பழைய கை 5 மில்லிமீட்டர் கனம், புதியது 4 என்று வைத்துக்கொள்வோம். அதே ஸ்க்ரூவைப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போய்க் காயிலைக் குத்தும். எம்3 ஸ்க்ரூ, கையின் கனத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் நீளமாக இருக்கலாம். மாட்டிய பின் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்து, ஸ்க்ரூ முனைக்கும் செம்புக் காயிலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரில் ஒரு முள்ளை மோட்டார் வயரிலும் மற்றதை மோட்டார் உடம்பிலும் வைத்தால் சத்தம் வரக் கூடாது.

மோட்டாருக்குள் மணல் போய்விட்டது.

பவர் கொடுத்துச் சுற்றவைத்து வெளியே தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மணல் உள்ளே சுழன்றால் காயில் மேல் இருக்கும் எனாமலைச் சுரண்டிவிடும். பெல்லைக் கழற்றி, ஊதும் பம்ப்பால் அடித்து, பிரஷ்ஷால் தட்டுங்கள். சாதாரண மணல் போய்விடும். நம் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கறுப்புத் துகள்தான் பிடிவாதம், காந்தத்தை விட்டு வராது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வரும்.

பேட்டரி சொருகும் முன் மல்டிமீட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

முதல் சோதனை, பேட்டரி சொருகும் எக்ஸ்.டி.60 கனெக்டரின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே கன்டின்யூட்டி (இணைப்பு இருந்தால் மீட்டர் கத்தும் சோதனை). ஒரு நொடி கீச்சென்று கத்தி நின்றுவிட்டால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது, பயமில்லை. விடாமல் கத்தினால் எங்கோ ஷார்ட். சொருகாதீர்கள்.

ஷார்ட் எங்கே என்று தேட ஒவ்வொரு மோட்டார் பேடிலிருந்தும் (போர்டில் வயரைச் சாலிடர் செய்யும் செம்புப் பொட்டு) பேட்டரி பிளஸுக்கும், பிறகு மைனஸுக்கும் ஓம் பாருங்கள். சரியான எண் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது போர்டுக்குப் போர்டு மாறும். நான்கு மூலையையும் ஒப்பிட வேண்டும். மூன்று மூலையில் ஆயிரக்கணக்கில் காட்டி, ஒன்றில் மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்த மூலையின் மாஸ்ஃபெட் போய்விட்டது. மோட்டார் மாட்டியிருக்கும்போது அந்த மூலையின் மூன்று பேடும் ஒரே எண்ணைத்தான் காட்டும், காயில் வழியாக அவை இணைந்திருப்பதால். எந்த பேட் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் மோட்டாரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

ஹாட் ஏர் (சூடான காற்றால் சாலிடரை உருக்கும் கருவி) வைத்திருந்து கை பழகியவர்கள் மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றலாம். மற்றவர்களுக்கு இன்னொரு வழி: செத்த மூலையை அப்படியே விட்டுவிட்டு, ஷார்ட் ஆன மாஸ்ஃபெட்டை மட்டும் போர்டிலிருந்து அகற்றி, அந்தக் கையின் மேல் தனி ஈ.எஸ்.சி. ஒன்றை வைத்து சிக்னல் வயரை இழுத்துவிடுவது. அழகாக இருக்காது, பறக்கும்.

ஷார்ட் இல்லை என்றானதும் பேட்டரிக்கு முன் யூ.எஸ்.பி.யில் இணைத்துப் பாருங்கள். எஃப்.சி.க்கும் பெரும்பாலும் ரிசீவருக்கும் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பாகம்) அதிலிருந்தே கரண்ட் வரும், ஈ.எஸ்.சி.க்குப் போகாது. கணினியில் பீட்டாஃப்ளைட் திறந்து, ட்ரோனைக் கையால் சாய்த்தால் திரையில் உள்ள படமும் அதே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் ஜைரோவும் (அசைவை அளக்கும் சென்சார்) உயிரோடு இருக்கிறது.

ஸ்மோக் ஸ்டாப்பர் என்கிறார்களே, வாங்கத்தான் வேண்டுமா?

நாமே செய்துகொள்ளலாம். ஷார்ட் இருந்தாலும் போர்டு எரியாமல் காப்பது அது. பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே பிளஸ் வயரில் ஒரு பல்பு, அவ்வளவுதான். நான்கு செல்லுக்கு பைக், கார் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு. ஆறு செல் 25 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் லாரிக்கான 24 வோல்ட் 21 வாட் பல்பு. இழை உள்ள பழைய பல்பாகவே இருக்க வேண்டும், எல்.இ.டி. உதவாது. ஆட்டோமொபைல் ஸ்பேர் கடை எதிலும் கிடைக்கும்.

சொருகியதும் பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் எல்லாம் நலம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். கரண்ட் பல்பில் எரிந்து போகும், போர்டு பிழைக்கும். வீடியோ டிரான்ஸ்மிட்டர் கொஞ்சம் அதிகக் கரண்ட் இழுப்பதால் மங்கலாக ஒரு சிவப்பு இருக்கலாம். இந்தப் பல்பை வைத்துக்கொண்டு மோட்டார் சுற்ற முயலாதீர்கள், சுற்றாது.

வயரின் ஒரு முனையில் ஆண் கனெக்டர், மறு முனையில் பெண் கனெக்டர், நடுவே பல்பு ஹோல்டர். இதைச் செய்து பீல்டு பையிலேயே போட்டு வைத்தால், "இன்னும் ஓடுகிறதா பார்ப்போம்" என்ற ஆசையையும் பாதுகாப்பாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

பேட்டரி போட்டாயிற்று. ஒரு மோட்டார் மட்டும் துடிக்கிறது, சுற்றவில்லை.

மோட்டாரின் மூன்று வயரில் இரண்டுதான் வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அந்தத் துடிப்பு. சாலிடரில் விரிசல் இருக்கலாம், மோட்டாருக்குள் வயர் நுழையும் இடத்தில் செம்பு அறுந்திருக்கலாம், அல்லது ஈ.எஸ்.சி.யில் ஒரு பக்கம் போயிருக்கலாம்.

முதலில் மூன்று சாலிடரையும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் (சாலிடர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) வைத்து மறுபடி உருக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் அந்த மோட்டாரைப் பக்கத்து மூலையின் பேடில் சாலிடர் செய்து பாருங்கள். அங்கேயும் துடித்தால் மோட்டார். அங்கே சுற்றினால் ஈ.எஸ்.சி. யூகித்துக்கொண்டு இரண்டையும் வாங்குவதைவிட இது மேல். இந்தச் சோதனைகளை எல்லாம் பீட்டாஃப்ளைட்டின் மோட்டார்ஸ் பக்கத்தில், ப்ராப் கழற்றிய நிலையில் மட்டுமே செய்யுங்கள். மேசை மேல் ப்ராப்போடு மோட்டார் சோதித்து விரலைத் தைக்கப் போனவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம்.

காதையும் பயன்படுத்துங்கள். பேட்டரி போட்டதும் ஈ.எஸ்.சி.கள் மூன்று சுரம் பாடும், எஃப்.சி.யின் சிக்னல் கிடைத்ததும் இன்னும் இரண்டு. நான்கு மோட்டாரும் முதல் மூன்றோடு நின்றுவிட்டால் மோட்டாரில் கோளாறு இல்லை. இரண்டு போர்டையும் இணைக்கும் சின்ன வயர்க்கட்டு சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கும். ஒன்று மட்டும் பாடவில்லை என்றால் விரலால் தொட்டுப் பார்த்தால் எந்த மூலை என்று தெரியும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆர்ம் ஆகவில்லை.

காரணத்தை பீட்டாஃப்ளைட்டே சொல்லும். காகிள்ஸ் திரையில் எச்சரிக்கையாக வரும், இல்லையேல் பீட்டாஃப்ளைட்டில் கட்டளைகளை அடிக்கும் சி.எல்.ஐ. பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் ஆர்மிங் டிசேபிள் ஃப்ளாக்ஸ் (ஆர்ம் ஆகாததற்கான காரணங்கள்) என்று ஒரு வரி வரும்.

ஆங்கிள் என்று வந்தால் ட்ரோன் சாய்ந்து கிடக்கிறது. இயல்பாக 25 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் ஆர்ம் ஆகாது. எம்.எஸ்.பி. என்று வந்தால் யூ.எஸ்.பி. இன்னும் கணினியோடு இணைந்திருக்கிறது, கழற்றுங்கள். ஆர்.எக்ஸ். லாஸ் என்றால் ரிசீவர். நோ ஜைரோ என்றால் சென்சார் போய்விட்டது, பெரும்பாலும் எஃப்.சி. மாற்ற வேண்டும். விபத்துக்குப் பிறகு முக்கியமானது ஆர்.பி.எம். ஃபில்டர் என்ற ஃப்ளாக். ஏதோ ஓர் ஈ.எஸ்.சி.யிலிருந்து மோட்டாரின் வேகம் பற்றிய தகவல் திரும்பி வரவில்லை என்று அதற்குப் பொருள். மோட்டார்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு மோட்டாருக்கும் கீழே பிழைச் சதவீதம் இருக்கும். எதில் எகிறி நிற்கிறதோ அந்த மூலையில் தேடுங்கள்.

பழுது பார்த்தபின் மேலே ஏறியதும் குப்புறக் கவிழ்கிறது.

பத்தில் ஒன்பது தடவை ப்ராப் மாற்றி மாட்டியதுதான். ப்ராப்பின் உயர்ந்த விளிம்பு, மோட்டார் சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும்.

ப்ராப் சரி என்றால், நீங்கள் கழற்றி மாட்டிய மோட்டார் எதிர்த் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும், மென்பொருளிலும் மாற்றலாம். எஃப்.சி.யைப் புதிதாகப் போட்டிருந்தால் மோட்டார் வரிசை: பின் வலது 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. போர்டைத் திருப்பி வைத்திருந்தால் அந்தக் கோணத்தையும் அமைப்பில் சொல்ல வேண்டும்.

பறக்கிறது, ஆனால் மோட்டார் சூடாகிறது, படம் நடுங்குகிறது.

அரை நிமிடம் தலைக்குக் கீழே நிறுத்தி வைத்துவிட்டு இறக்கி, நான்கையும் தொடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதன் பெல், பேரிங், அச்சு. நான்கும் சுட்டால் ஜைரோவுக்கு அதிர்வு போய்ச் சேர்கிறது: கிழிந்த ரப்பர், தளர்ந்த கை, விரிசல் விட்ட ஃப்ரேம், போர்டைத் தட்டிக்கொண்டிருக்கும் வயர். அதிர்வை வென்றாக வேண்டும் என்று எஃப்.சி. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மோட்டாரைத் திருத்துகிறது, அந்த உழைப்புதான் சூடு. இந்த நிலையில் பி.ஐ.டி. எண்களை (எஃப்.சி. எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் அமைப்பு)க் குறைத்துச் சமாளிக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. விழுவதற்கு முன் அதே எண்களில் நன்றாகத்தானே பறந்தது.

நடுவானில் திடீரென ஒரு மூலைப் பக்கமாக உருண்டு விழுந்தது. ஏன்?

டீசிங்க். மோட்டாரின் சுழற்சியை ஈ.எஸ்.சி. ஒரு கணம் தவறவிட்டு மோட்டார் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் உருண்டதோ அந்த மூலையில் கோளாறு. எஃப்.சி. பறத்தலைப் பதிந்து வைக்கும் பிளாக்பாக்ஸ் பதிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு மோட்டாரின் கோடு மட்டும் நூறு சதவீதத்துக்கு ஏறி நிற்க, ட்ரோன் அதே பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும். நூறில் நிற்பதால் அந்த மோட்டார் அதிகமாகச் சுற்றியது என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். தூக்கு தூக்கு என்று எஃப்.சி. கெஞ்சியும் அது தூக்கவில்லை என்பதே விஷயம். அந்த மூலையின் சாலிடர், பெல், காந்தம் என்ற வரிசையில் பாருங்கள்.

வீடியோ தூரம் குறைந்துவிட்டது.

ஆன்டெனா. டிரான்ஸ்மிட்டரில் ஆன்டெனா சொருகும் பொட்டு அளவு கனெக்டர் அடியில் கழன்றிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கழன்ற நிலையில் பவர் கொடுத்தால் டிரான்ஸ்மிட்டரே எரிந்து போகலாம், எனவே பேட்டரி போடும் முன் இதைத் தொட்டு உறுதி செய்யுங்கள். மேசை மேல் நெடுநேரம் சோதித்தால் சின்ன ஃபேன் ஒன்றைக் காட்டுங்கள். பறக்கும்போது வரும் காற்றை நம்பிச் செய்த பாகம் அது.

ரிசீவர் இணையவில்லை.

இ.எல்.ஆர்.எஸ். (எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ்.) வகை ரிசீவர் என்றால் விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டது. மெதுவாக மின்னினால் ரிமோட்டுக்காகக் காத்திருக்கிறது. வேகமாக மின்னினால் வைஃபை நிலைக்குப் போய்விட்டது. ரிமோட் அணைந்திருந்தால் சுமார் ஒரு நிமிடத்தில் தானாக அப்படிப் போகும், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும். இரண்டிரண்டாக மின்னினால் பைண்டிங், அதாவது ரிமோட்டோடு ஜோடி சேரக் காத்திருக்கும் நிலை. தொடர்ந்து மூன்று முறை பவர் போட்டு அணைத்தால் அதில் நுழைந்துவிடும், அவசரத்தில் பேட்டரியைச் சொருகிக் கழற்றுபவர்களுக்கு இது நடக்கிறது.

விளக்கே இல்லை என்றால் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். ஆன்டெனா வயரை ப்ராப் வெட்டியிருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், புது ஆன்டெனா மலிவு.

வயல் தண்ணீரில் விழுந்தது.

பேட்டரியை உடனே கழற்றுங்கள். சேற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆம், தண்ணீரில்தான். காய்ந்த சேறு ஈரச் சேற்றைவிடக் கெடுதல். பிறகு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். போர்டு இரண்டையும் பிரித்துவிட வேண்டும், நடுவே ஈரம் தங்கும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவுதான் ஒட்டும்.

கடல் தண்ணீர் என்றால் அவசரம் பல மடங்கு. உப்பு காய்வதற்கு முன் கழுவினால்தான் உண்டு. கேன் தண்ணீராவது ஊற்றுங்கள்.

சாலிடர் பேட் போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது.

ரிசீவருக்கான பேட் என்றால் கவலையில்லை. வேறொரு யுவார்ட்டின் (தகவல் பரிமாறும் சீரியல் போர்ட்) ஆர்.எக்ஸ்., டி.எக்ஸ். பேடுக்கு வயரை மாற்றிவிட்டு, போர்ட்ஸ் பக்கத்தில் சீரியல் ஆர்.எக்ஸை அங்கே ஆன் செய்தால் போதும். பேட்டரி பேட் பிய்ந்தால் கெபாசிட்டர் இருந்த இடம் போல அதே செம்போடு இணைந்த பெரிய பேட் வேறு இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் பேட் என்றால் மாஸ்ஃபெட்டின் காலிலேயே நேராகச் சாலிடர் செய்பவர்கள் இருக்கிறார்கள். கை நடுங்காதவர்களுக்கான வேலை.

பேட்டரி மைனஸ் பேடில் சாலிடர் பிடிக்காமல் பலர் திணறுவார்கள். போர்டின் செம்பு முழுவதும் சூட்டை உறிஞ்சிக்கொள்வதே காரணம். கூரிய முனையை விட்டு அகலமான முனைக்கு மாறி, 400 டிகிரி அளவில், 63/37 ஈயச் சாலிடரோடு செய்யுங்கள். குறைந்த சூட்டில் நெடுநேரம் அழுத்துவதுதான் பேடைப் பிய்க்கும்.

ஒடிந்த கார்பன் கையை ஒட்டலாமா?

கூடாது. விளிம்பில் அடுக்கு லேசாகப் பிரிந்திருந்தால் மட்டும் சூப்பர் க்ளூவை ஊறவிட்டு கிளாம்ப் போடலாம். தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டு, முகமூடி போட்டுத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கும் போர்டுக்கும் ஆகாது.

கேமரா ட்ரோன் விழுந்தால் இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரி பற்றிய பகுதி அப்படியே பொருந்தும், மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்ப்பதும். டி.ஜே.ஐ. மினி போன்றவற்றில் முதலில் அடிபடுவது கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் பாகம்). பவர் போடும் முன் கேமராவை விரலால் மெல்ல அசைத்து, தடங்கல் இல்லாமல் ஆடுகிறதா, ரப்பர் குமிழ்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா, மெல்லிய ரிப்பன் கேபிள் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிக்கிய கிம்பலுக்குப் பவர் கொடுத்தால் அதன் குட்டி மோட்டார் முட்டிக்கொண்டு சூடாகும்.

ப்ராப் மாற்றும்போது அந்த மோட்டாரின் இரண்டு பிளேடையும் சேர்த்தே மாற்றுங்கள், பெட்டியில் வரும் புது ஸ்க்ரூவையே போடுங்கள். குறிகளைப் பார்த்து மாட்டுங்கள். பிறகு சமதளத்தில் வைத்து ஐ.எம்.யு. (அசைவு சென்சார்), இரும்பு இல்லாத திறந்தவெளியில் காம்பஸ் கேலிப்ரேஷன். காம்பஸ் பிழை தீராமல் பறக்கவிட்டால் வட்டமடித்துக்கொண்டே கை மீறிப் போய்விடும். உள் போர்டு வேலை என்றால் சர்வீஸ் சென்டரே நல்லது. தனித்தனிப் பாகமாக மாற்றும் எண்ணத்தோடு அவை செய்யப்பட்டவை அல்ல.

இவ்வளவு பாடு படுவதைவிடப் புதிதாக வாங்கிவிடலாமே?

ஃப்ரேம், ஈ.எஸ்.சி., எஃப்.சி. மூன்றும் ஒரே விழலில் போயிருந்தால் வாங்கிவிடலாம், மோட்டார்களை எடுத்து வைத்துக்கொண்டு. மற்றபடி பழுது பார்ப்பதே லாபம். இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் துறை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. பிரித்துப் பெட்டியில் வரும் கிட்டுக்கும் அதே தடை. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. மோட்டார், போர்டு, ப்ராப் எல்லாம் இந்திய இணையக் கடைகளிலேயே கிடைக்கின்றன. மல்டிமீட்டர், சாலிடர், ஃப்ளக்ஸ், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போன்றவற்றுக்குச் சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

பழுது பார்க்கும் முன் சி.எல்.ஐ.யில் டிஃப் ஆல் என்று அடித்து வரும் வரிகளைச் சேமித்துவிடுங்கள். எஃப்.சி. மாற்ற நேர்ந்தால் உங்கள் அமைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். போர்டு செத்தபின் எடுக்க முடியாது. ஆகவே ட்ரோன் நன்றாகப் பறக்கும்போதே எடுத்து வைப்பது இன்னும் உத்தமம்.

பழுது முடிந்தது. முதல் பறத்தல் எப்படி?

ஆள் இல்லாத இடம், புல்தரை, காகிள்ஸ் போடாமல் நேரே பார்த்து. பழைய பேட்டரி ஒன்றைப் போடுங்கள், புதியதை இதில் பணயம் வைக்க வேண்டாம். ஆர்ம் செய்து ஏற்றாமல் சில விநாடி கேளுங்கள். நான்கும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இடுப்பளவு ஏற்றி நிறுத்துங்கள், இறக்குங்கள், மோட்டார்களையும் பேட்டரி கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். கனெக்டர் சுட்டால் அங்கே சாலிடர் சரியில்லை. அப்புறம் மெதுவாக இடம் வலம், முன் பின். அதன்பின் ஒரே ஒரு தடவை த்ராட்டிலை வேகமாக ஏற்றி இறக்குங்கள். மோட்டாரில் டீசிங்க் மிச்சம் இருந்தால் பத்தடி உயரத்தில் அப்போதே காட்டிவிடும், நூறடி உயரத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மோட்டார் ஸ்க்ரூவில் நீலத் திரெட் லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டிருந்தால் அது உறைய ஒரு நாள் ஆகும், அதற்கு முன் பறந்திருந்தால் இறக்கியபின் ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.